ஒளிரும் மை செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

போலிகளைத் தடுக்கும் ஒளிர்பொருள்களை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும்,



உங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் படத்தைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். எக்ஸ் கதிர் வரைபடம், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், ஒளிர்வு நிறமாலை எல்லாம் முடிந்த பிறகு அந்தப் படம் வரும். வடிதாளில் உங்கள் மையால் எழுதிய கல்லூரிப் பெயர் இருக்கும், அல்லது ஒரு பட்டாம்பூச்சி இருக்கும். இடப்பக்கம் சாதாரண வெளிச்சத்தில் வெறுந்தாள். வலப்பக்கம் புற ஊதா விளக்கின் கீழ் அதே தாளில் சிவப்பாகவோ பச்சையாகவோ எழுத்துகள் மின்னும். இந்தப் பொருள் கள்ளநோட்டையும் போலி மருந்தையும் தடுக்க உதவும் என்று கீழே ஒரு வரி எழுதியிருப்பீர்கள். கட்டுரை அத்துடன் முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். அதை நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் அது ஒரு வாக்குறுதி. நோட்டை வாங்கிப் பையில் போடுகிற வியாபாரிக்கும், மாத்திரையை வாங்கி விழுங்குகிற நோயாளிக்கும் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி. வாக்குறுதியைக் காப்பாற்றத் தேவையான வேலையில் பாதிகூட அந்தக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றில் நடக்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மீதிப் பாதியைச் செய்யும் திறன் உங்களிடம் இருக்கிறது என்று நம்புவதால்தான் சொல்கிறேன்.

உங்கள் துறையின் அருமை எனக்குத் தெரியும். யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்த 2002ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைவர், மையரிங்க் என்ற இருவர் ஒரு நோட்டைப் புற ஊதா ஒளியில் வைத்து அதன் நிறமாலையை அளந்தார்கள். தாளில் சிதறிக் கிடக்கும் இழைகளின் சிவப்பு ஒளி யூரோப்பியம் அயனியிலிருந்து வருகிறது என்று கண்டு எழுதினார்கள். ஐரோப்பாவின் பெயரைத் தாங்கிய தனிமம் ஐரோப்பாவின் நோட்டைக் காவல் காக்கிறது. நம் ரூபாய் நோட்டிலும் எண் வரிசை ஒளிரும் மையால்தான் அச்சாகிறது. தாளுக்குள் ஒளிரும் இழைகள் இருக்கின்றன. பாதுகாப்பு இழையும் புற ஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிர்கிறது. ஆக, நீங்கள் செய்யும் பொருளுக்கு உண்மையான உலகில் உண்மையான இடம் உண்டு. அந்த இடத்துக்கு அது போய்ச் சேர என்ன வேண்டும் என்பதை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் செய்த மையை யார் பார்க்கப் போகிறார்கள்? எதை வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

நோட்டு அச்சிடுவோர் பாதுகாப்பு அம்சங்களை மூன்று அடுக்காகப் பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணும் விரலும் மட்டுமே கொண்டு பொதுமக்கள் அறிவது முதல் அடுக்கு. எளிய கருவி கொண்டு கடைக்காரரும் வங்கிக் காசாளரும் அறிவது இரண்டாவது. மைய வங்கியின் இயந்திரமும் தடயவியல் கூடமும் மட்டும் அறிவது மூன்றாவது. புற ஊதா விளக்கில் ஒளிரும் மை இரண்டாவது அடுக்கைச் சேர்ந்தது. விளக்கு இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை. உழவர் சந்தையில் விடியற்காலை காய்கறி விற்கும் அம்மாவிடம் விளக்கு இல்லை. பேருந்து நடத்துநரிடம் இல்லை. கோயில் வாசலில் பூ விற்பவரிடம் இல்லை. கள்ளநோட்டு பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் வருகிறது.

அவர்களுக்கு நேர்வதை நினைத்துப் பாருங்கள். ஒரு 500 ரூபாய் நோட்டு போலி என்று வங்கியில் தெரிந்தால் அதன் மேல் முத்திரை குத்திப் பறித்துக்கொள்வார்கள். ஓர் ஒப்புகைச் சீட்டு கொடுப்பார்கள். ஈடாக ஒரு ரூபாயும் தரமாட்டார்கள். தரக்கூடாது என்பதுதான் விதி. ஒரே பரிமாற்றத்தில் ஐந்தும் அதற்கு மேலும் சிக்கினால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். போலி என்று தெரிந்தும் அதை அடுத்தவர் தலையில் கட்டினால் அது கடும் குற்றம். ஆகவே நேர்மையாக இருப்பவர் தன் ஒரு நாள் கூலியை இழக்கிறார். கள்ளநோட்டு அடித்தவன் செய்த குற்றத்துக்கு அபராதம் கட்டுவது அவர்தான். உங்கள் கட்டுரையின் கடைசி வரி அவர் பெயரைச் சொல்லித்தான் எழுதப்படுகிறது. அப்படியானால் அவர் கைக்கு எட்டும்படி அந்த வேலை அமைய வேண்டாமா?

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்கிறேன். உங்களில் பலர் 254 நானோமீட்டர் விளக்கில் மை நன்றாக ஒளிர்வதைக் காட்டுகிறீர்கள். ஆய்வகத்தில் அந்த விளக்கு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. கண்ணையும் தோலையும் கெடுக்கக்கூடிய அந்தக் கதிரைக் கடைக் கல்லாவில் திறந்து வைக்க முடியாது. கடைகளில் இருப்பது 365 நானோமீட்டர் விளக்கு. மலிவு விலை டார்ச் விளக்குகளில் பெரும்பாலானவை 395 நானோமீட்டர் அளவில் ஒளி தருபவை. கூடவே கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் அவற்றிலிருந்து கொட்டும். அந்த வெளிச்சத்தில் உங்கள் மை தெரியுமா? தெரியும் என்றால் அந்தப் படத்தைப் போடுங்கள். தெரியாது என்றால் அதையும் எழுதுங்கள். கிண்டியிலோ காரைக்குடியிலோ இருட்டறையில் எடுத்த ஒரு படம், மருந்துக் கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது.

பார்வையற்றோரையும் மறந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்களுக்காக ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. நோட்டு எத்தனை ரூபாய் என்பதை அது சொல்லும். நல்ல நோட்டா, கள்ளநோட்டா என்பதைச் சொல்லாது. கண்ணால் பார்த்து வியக்கும் ஒளியை மட்டும் நம்பி எந்தப் பாதுகாப்பைக் கட்டினாலும் அது அவர்களுக்கு வெளியிலேயே நின்றுவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கடையில் விளக்கைப் பிடிப்பவரே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அடுத்ததாக நான் சொல்லவருவது இன்னும் கசப்பானது. ஒளிர்வதைக் காட்டுகிறீர்கள். போலி செய்ய முடியாது என்பதைக் காட்டுவதில்லை.

யூரோ நோட்டின் கதையை மீண்டும் பாருங்கள். அதில் என்ன பொருள் கலந்திருக்கிறது என்பதை மைய வங்கி வெளியே சொல்லவில்லை. ஆனால் ஒளிர்வுத் துறையில் அனுபவமுள்ள இருவருக்கு ஒரு நிறமாலைமானியே போதுமானதாக இருந்தது. எந்தப் பொருள் என்பது என்றைக்கும் ரகசியமாக இருக்காது. உங்கள் விஷயத்தில் அது ரகசியமே இல்லை. எத்தனை கிராம் நைட்ரேட், எவ்வளவு யூரியா, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் என்று செய்முறைப் பகுதியில் நீங்களே எழுதுகிறீர்கள். அறிவியலின் நேர்மைக்கு அது அவசியம், குறை சொல்லவில்லை. ஆனால் செய்முறையை ஊரறிய வெளியிட்டுவிட்டு, அதே பக்கத்தில் இதை யாராலும் நகலெடுக்க முடியாது என்று எழுதலாமா?

1883ஆம் ஆண்டிலேயே அகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் ராணுவச் சங்கேத எழுத்துகளைப் பற்றி எழுதும்போது ஒரு நெறியை வகுத்தார். முறை முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் பாதுகாப்பு குலையக்கூடாது. ரகசியம் திறவுகோலில் மட்டும் இருக்க வேண்டும் என்றார். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது ஊரில் எல்லாக் கொல்லருக்கும் தெரியும். என் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. உங்கள் மையில் திறவுகோல் எது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் நீங்கள் செய்திருப்பது அழகான வண்ணம்தான். அதைக் காவல் என்று சொல்ல முடியாது.

கண் பார்ப்பது நிறத்தை மட்டுமே. யூரோப்பியம் தரும் சிவப்பு 612 நானோமீட்டர் அருகே ஊசிபோல ஒடுங்கிய கோடாக வருகிறது. ஒரு சாதாரணக் கரிமச் சாயம் தரும் சிவப்பு அகன்ற பட்டையாக வருகிறது. நிறமாலைமானிக்கு இரண்டும் வேறு வேறு. கடைக்காரரின் கண்ணுக்கு இரண்டும் சிவப்புதான். ஒளிரும் சாயங்கள் சந்தையில் கிடைக்கின்றன. போலி செய்பவனுக்கு உங்கள் படிக அமைப்பும் தேவையில்லை, உங்கள் அருமண் உப்பும் தேவையில்லை. ஏறத்தாழ அதே நிறத்தில் ஏதோ ஒன்று மின்னினால் அவனுக்குப் போதும். ஆக, சிவப்பும் பச்சையும் நீலமும் காட்டும் புதிய பொருள் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நிறத்தோடு நின்றுவிடாதீர்கள்.

நிறத்துக்கு அப்பால் உங்கள் பொருள்களிடம் எவ்வளவு செல்வம் இருக்கிறது! கரிமச் சாயத்தின் ஒளிர்வு நானோ வினாடிகளில் அடங்கிவிடும். யூரோப்பியம் மில்லி வினாடி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம் அது. இட்டெர்பியத்தோடு எர்பியத்தைச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும். அந்த வித்தையைச் சாதாரணச் சாயத்தால் செய்ய முடியாது. ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் யூரோப்பியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் சேர்த்தால் விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் ஒளி நிற்கும். காலம், அலைநீளம், தூண்டும் முறை என்று இத்தனை பரிமாணங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை அளந்து கட்டுரையின் நடுவில் வரைபடமாகப் போட்டுவிடுகிறீர்கள். கடைசிப் படத்துக்கு வரும்போது மட்டும் ஏன் வெறும் நிறத்துக்குத் திரும்பிவிடுகிறீர்கள்?

கைபேசியை நினைத்துப் பாருங்கள். அதன் ஃப்ளாஷில் புற ஊதாக் கதிர் இல்லை. நீல ஒளி நிறைய இருக்கிறது. நீல ஒளியால் தூண்டப்பட்டு, ஃப்ளாஷ் அணைந்த பிறகும் சில பத்து மில்லி வினாடிகள் ஒளிரும் ஒரு பொருளைச் செய்தால் கைபேசியின் வீடியோ அதைப் பிடித்துவிடும். தனி விளக்கு வேண்டாம். நிறம் பிரித்தறியும் கண்கூட வேண்டாம். செயலி குரலால் சொல்லிவிடும். சந்தையில் காய்கறி விற்கும் அந்த அம்மாவின் கையிலும் இன்று கைபேசி இருக்கிறது. புற ஊதா விளக்கில் இன்னும் சற்றுப் பிரகாசமாக ஒளிர வைப்பதில் செலவாகும் ஆண்டுகளில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்கிறேன்.

திறவுகோல் எது என்று கேட்டேன் அல்லவா? அதற்கும் உங்கள் துறையிலேயே விடை இருக்கிறது. 2002இல் எம்.ஐ.டி. ஆய்வாளர் ரவிகாந்த் பப்புவும் அவருடைய சகாக்களும், பொருளுக்குள் தற்செயலாக அமைந்துவிட்ட ஒழுங்கின்மையையே அடையாளமாக்கலாம் என்று காட்டினார்கள். செய்தவரே நினைத்தாலும் அதே அமைப்பை மறுபடி செய்ய முடியாது. 2018இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு யூரோப்பியம், தெர்பியம், டிஸ்ப்ரோசியம் ஏற்றிய நுண்துகள்களைத் தற்செயலாகச் சிதறவிட்டு, மூன்று வெவ்வேறு அலைநீளங்களில் தூண்டிப் படம்பிடித்து, ஒவ்வொரு முத்திரையும் தனித்தனிக் கைரேகைபோல அமைவதைக் காட்டியது. செய்முறை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முத்திரையை நகலெடுக்க வழியில்லை. கெர்க்ஹாஃப்ஸ் கேட்ட திறவுகோல் அங்கே துகள்களின் இருப்பிடத்தில் இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் இதற்கு வேண்டிய துகள்கள் ஏற்கனவே சிறு குப்பிகளில் இருக்கின்றன.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. நோட்டு போலியானால் பணம் போகும். மருந்து போலியானால் உயிர் போகும். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் புழங்கும் மருத்துவப் பொருள்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் மாத்திரைக்குத் தென்கிழக்கு ஆசியாவில் நடந்தது உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையான அட்டையில் உற்பத்தியாளர் ஹோலோகிராம் ஒட்டினார். போலி செய்தவர்கள் ஹோலோகிராமையும் சேர்த்தே போலி செய்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, பத்துக்கும் மேற்பட்ட வகைப் போலி ஹோலோகிராம்கள் புழக்கத்தில் இருந்ததை, மருத்துவர்களும் காவல்துறையும் சேர்ந்து நடத்திய புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. 2008இல் அந்த அறிக்கை வெளியானது. உள்ளே இருந்தவற்றில் பலவற்றில் மருந்தே இல்லை. வேறு சிலவற்றில் நோயைக் குணப்படுத்தாமல் கிருமிக்கு எதிர்ப்பாற்றலை மட்டும் பழக்கிவிடும் அளவுக்குச் சொற்ப மருந்து இருந்தது.

அந்த மாத்திரையை வாங்கிய தாய், பளபளக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் நம்பி வாங்கினாள். எந்த அடையாளமும் இல்லாமலிருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள். எளிதில் நகலாகும் பாதுகாப்பு முத்திரை வெறும் வீண்வேலையோடு நின்றுவிடுவதில்லை. அது போலிக்கு நற்சான்று எழுதிக் கொடுக்கிறது. என் வருத்தத்தின் வேர் இதுதான். அரைகுறையாகச் சோதித்த ஓர் ஒளிர்பொருள் நாளை ஒரு மருந்து அட்டையில் ஏறினால், அதே நிறத்தில் ஒளிரும் போலி அட்டையை ஒருவர் விளக்கில் காட்டி, சரியாக இருக்கிறது என்று சொல்லி நோயாளியிடம் கொடுத்துவிடுவார்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் அட்டைகளில் க்யூ.ஆர். குறியீடு கட்டாயமாகிவிட்டது. நல்ல தொடக்கம் அது. ஆனால் க்யூ.ஆர். குறியீடு என்பது அச்சிட்ட கட்டங்கள்தான். ஒரு நல்ல அட்டையைப் படமெடுத்து ஆயிரம் போலி அட்டைகளில் அச்சிட முடியும். நீங்கள் நுழைய வேண்டிய இடைவெளி அதுதான். அந்தக் கட்டங்களின் ஓரத்தில் நகலெடுக்க முடியாத ஒளிர்துகள் சிதறல் ஒன்றை வைத்து, அதன் படத்தைக் குறியீட்டின் எண்ணோடு இணைத்துவிட்டால், எண்ணை நகலெடுப்பவனால் துகள்களை நகலெடுக்க முடியாது. பெட்டியோடு நிற்கவும் வேண்டியதில்லை. 2020இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டுப் புரதத்தில் ஒளிரும் புரதங்களைச் சேர்த்து, மாத்திரையோடு விழுங்கக்கூடிய ஒரு முத்திரையைச் செய்து காட்டினார்கள். மருந்தின் மேலேயே அடையாளத்தைப் பதிக்கலாம் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி.

மருந்து அட்டைக்குப் போகும் பொருள் என்றால் இன்னும் சில கடமைகள் சேர்கின்றன. ஒரு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கிறார்கள். அதன் அட்டையில் பூசும் மைக்கு அந்தச் சோதனை வேண்டாமா? யூரோப்பியத்தின் கரிமச் சேர்மங்கள் பல, புற ஊதா ஒளியிலேயே நாளடைவில் மங்கிப்போகின்றன. கொத்தமல்லி இலையிலிருந்தும் எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் செய்யும் கார்பன் புள்ளிகள் கரைசலில் அழகாக ஒளிர்ந்தாலும், உலர்ந்து ஒன்றோடொன்று நெருங்கியதும் ஒளி அணைந்துவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஈய பெரோவ்ஸ்கைட்டு ஈரத்தைத் தாங்காது. ஈயம் கலந்த பொருளை மருந்துக்குப் பக்கத்தில் வைக்கவும் மனம் ஒப்பாது. செய்த அன்று எடுத்த படத்தோடு சேர்த்து ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தையும் போடுங்கள். மங்கியிருந்தால் மங்கிய படத்தையே போடுங்கள். அதைப் பார்த்துப் பாடம் கற்கும் இன்னொரு மாணவருக்கு ஓராண்டு உழைப்பு மிஞ்சும்.

எதிர்த்திசையிலும் ஒரு சோதனை உண்டு. நல்ல நோட்டு விளக்கில் மங்கலாகத் தெரிய வேண்டும். சாதாரணத் தாளில் கலந்திருக்கும் வெண்மையூட்டிகள்தான் நீலமாகப் பளிச்சிடும். ஆனால் சட்டைப் பையில் மறந்த நல்ல நோட்டு சலவைத்தூளில் ஊறிவிட்டால், தூளில் இருக்கும் அதே வெண்மையூட்டி ஒட்டிக்கொண்டு நோட்டு முழுவதும் ஒளிர ஆரம்பித்துவிடும். உண்மையானது போலியாகத் தோன்றுவதும் ஏழைக்கு நட்டம்தான். வியர்வை, எண்ணெய், மஞ்சள்தூள், மழை, சலவை இவையெல்லாம் பட்ட பிறகு உங்கள் மை எத்தனை முறை உண்மையைப் போலி என்று தவறாகச் சொல்கிறது, எத்தனை முறை போலியை உண்மை என்று சொல்கிறது? இந்த இரண்டு எண்களும் இல்லாத ஆய்வை எந்த அச்சகமும் மருந்து நிறுவனமும் எடுத்துக்கொள்ளாது.

எங்கிருந்து பொருள் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு என்ற அருமண் தாது இருக்கிறது. ஆனால் அதில் கிடைப்பது பெரும்பாலும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலகு வகைகள். உங்களுக்கு வேண்டிய யூரோப்பியமும் தெர்பியமும் மிகச் சொற்பம். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தெர்பியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டு நோட்டின் காவலும் மருந்தின் காவலும் அடுத்த நாட்டின் உரிமத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. குறைந்த அளவு அருமண்ணில், முடிந்தால் அது இல்லாமலேயே, நீண்ட ஒளிர்வு தரும் பொருள்களைத் தேடுவது நம் ஆய்வகங்களுக்கு உரிய வேலை.

உங்கள் நெருக்கடிகள் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆய்வேடு கொடுக்கக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. ஒளிர்வு ஆயுளை அளக்கும் கருவிக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதச் சோதனைக்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால் பேராசிரியர்களே, மதிப்பீட்டாளர்களே, இந்தப் பழியை மாணவர் மேல் மட்டும் போட என் மனம் இடம் தரவில்லை. வாய்மொழித் தேர்வில் மேற்கோள் எத்தனை, இதழின் தாக்கக் குறியீடு எத்தனை என்று கேட்கிறோம். இதை நகலெடுக்க யாராவது முயன்றார்களா என்று நாம் கேட்பதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு மாணவர் ஏன் விடை தேடுவார்? அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கத் தொடங்கினால் ஒரே ஆண்டில் இந்தத் துறையின் போக்கு மாறும்.

முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் 254, 365 நானோமீட்டர் என்ற இரு தூண்டல்களில் சிவப்பும் பச்சையுமாக ஒளிரும் ஒரு மையைச் செய்தது. கட்டுரையோடு நிற்காமல் ஒரு கிலோ அளவில் தயாரித்து, தேவாஸில் உள்ள நோட்டு அச்சகத்துக்குக் கொடுத்தது. அங்கே புழக்கத்தில் உள்ள தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பயன்படுத்தப் போகிறவரின் கையில் கொடுத்து, அவர் அளவுகோலில் தேறுகிறதா என்று பார்த்த அந்த ஓர் அடி இருக்கிறதே, அதுதான் பெரிது. 1959இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் நகரில் தபால்தலையின் முன்புறம் ஒளிர்பொருள் கோடுகள் இட்டபோதும், அந்த ஒளியைக் கண்டு கடிதங்களை அடுக்கும் இயந்திரத்தையும் கூடவே உருவாக்கினார்கள். மையும் அதைப் படிக்கும் கருவியும் ஒன்றாகத் திட்டமிடப்பட்டதால் தபால்தலையில் ஒளிர்வு நிலைத்தது.

ஆகவே உங்களிடம் நான்கு காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, இந்தப் பொருள் போலியைத் தடுக்கும் என்று எழுதும் முன், உங்கள் மையின் ஒரு மாதிரியையும் முழுச் செய்முறையையும் பக்கத்து ஆய்வகத்து மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். சந்தையில் கிடைக்கும் எதைக் கொண்டாவது இதைப்போல ஒன்று செய்து கடைக்காரரை ஏமாற்ற முடிகிறதா பார் என்று ஒரு மாத அவகாசம் கொடுங்கள். அவர் வென்றாலும் தோற்றாலும் முடிவை அப்படியே வெளியிடுங்கள். உங்கள் மையை முறியடித்த மாணவருக்கும் கட்டுரையில் ஆசிரியர் இடம் கொடுங்கள்.

இரண்டாவது, வெயிலிலும் ஈரத்திலும் வியர்வையிலும் சலவையிலும் சோதித்து, மேலே சொன்ன இரண்டு தவறு எண்களையும் எழுதுங்கள். கடையில் கிடைக்கும் டார்ச்சிலும் சாதாரணக் கைபேசியிலும் எப்படித் தெரிகிறது என்ற படத்தைச் சேருங்கள்.

மூன்றாவது, ஆய்வு தொடங்கும்போதே ஒரு மருந்துக் கடைக்குப் போய் அங்கே இருப்பவரோடு ஒரு பிற்பகல் உட்காருங்கள். ஓர் அட்டையைக் கையில் வாங்கி நோயாளியிடம் கொடுக்க அவருக்கு எத்தனை வினாடி கிடைக்கிறது, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார், கண் எப்படி, கையில் என்ன கருவி என்று கவனியுங்கள். உங்கள் பொருளின் தேவைகள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன. வங்கிக் காசாளரிடமும், சந்தை வியாபாரியிடமும், பார்வையற்ற ஒருவரிடமும் இதேபோலக் கேளுங்கள்.

நான்காவது வேண்டுகோள் பேராசிரியர்களுக்கு. உங்கள் துறையில் இனி வரும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், இந்த மூன்று சோதனைகளும் இல்லாமல் போலித் தடுப்பு என்ற உரிமைகோரலை ஏற்க மாட்டோம் என்று துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள். புதிய ஒளிர்பொருளைச் செய்ததே ஒரு நல்ல ஆய்வுதான். அதை அந்தப் பெயரிலேயே மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். செய்யாத காவலைச் செய்ததாகச் சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து மாணவரை விடுவியுங்கள். அப்போது அந்த உரிமைகோரலோடு வெளிவரும் சில கட்டுரைகளை அச்சகமும் மருந்து நிறுவனமும் அரசும் நம்பிக்கையோடு கையில் எடுக்கும்.

அடுத்த கட்டுரையின் கடைசிப் படத்தை எடுப்பதற்கு முன் இந்த முதல் காரியத்தை மட்டுமாவது செய்து பாருங்கள். உங்கள் மையை உடைக்க ஒருவரை அழையுங்கள். அவர் உடைத்துவிட்டால் இன்னும் நல்லது ஒன்றைச் செய்யும் அறிவும் இளமையும் உங்களிடம் இருக்கின்றன. ஆய்வகத்தில் உடையாமல் கடைக்குப் போய் உடைந்தால், அந்த விலையைக் கொடுக்கப்போவது நீங்கள் அல்ல. உங்கள் கட்டுரையை ஒருநாளும் படிக்காத ஒரு நோயாளி. அவருக்காகத்தான் இதைக் கேட்கிறேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவன்